கிலோமீட்டருக்கு 15 காசு

லிட்டருக்கு 20 கி.மீ. ஓடும் டீசல் கார், லிட்டர் 92 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 60 காசு குடிக்கிறது. டைமிங் பெல்ட் செலவையும் இப்படியே பிரிக்கலாம். கணக்குக்கு ஒரு பில் வைத்துக்கொள்வோம்: பெல்ட் 2,500, டென்ஷனரும் ஐட்லரும் 3,500, வாட்டர் பம்ப் 3,000, கூலன்ட் 1,000, கூலி 5,000. ஆக 15,000 ரூபாய். 1,00,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினால் கிலோமீட்டருக்கு 15 காசு.

பில்லில் பெல்ட்டின் பங்கு ஆறில் ஒன்றுதான். கூலி அதைப்போல இரு மடங்கு. ஆகவே பெல்ட்டால் சுழலும் பம்பை அப்படியே விட்டு 3,000 மிச்சம் பிடிப்பது வீண். பின்னால் அது ஒழுகினால் பம்ப், கூலன்ட், கூலி என 9,000 ஆகும். கூலன்ட் பட்ட பெல்ட்டையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

"இன்னும் பத்தாயிரம் ஓடட்டும், பெல்ட் நல்லாத்தானே இருக்கு" என்பவருக்கு லாபம் எவ்வளவு? 10,000 கி.மீ. × 15 காசு: 1,500 ரூபாய்.

அறுந்தால்? முதலில் பெல்ட்டின் உழைப்பைப் பார்ப்போம்: 60 கி.மீ. வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று வைத்தால், கிலோமீட்டருக்கும் 2,000 சுற்று. லட்சம் கிலோமீட்டரில் பிஸ்டன்களோடு சுழலும் கிராங்க் 20 கோடி, பெல்ட் வழியாக அது சுழற்றும், வால்வுகளைத் திறக்கும் கேம் 10 கோடி. 1,500 சிசி, 4 சிலிண்டர் டீசலில் ஒவ்வொரு பிஸ்டனும் ஏறும் இடம் 375 சிசி. அழுத்த விகிதம் 16 என்றால், மேலே வந்ததும் மிஞ்சுவது வெறும் 25 சிசி. அதிலும் பெரும்பகுதி பிஸ்டன் தலையில் குடைந்த குழிதான். பெல்ட் அறுந்து கேம் நின்றுபோனால், அப்போது திறந்திருக்கும் வால்வுக்கு அங்கே ஒதுங்க இடமில்லை. பிஸ்டன் அடித்து வளைத்துவிடும். ஹெட்டை இறக்கி, வால்வு, கைடு, கேஸ்கெட் மாற்றி, மட்டம் சரிபார்த்துப் பூட்ட 60,000 கூடுதல் என்று வையுங்கள். 1,500க்காக 60,000ஐப் பணயம் வைக்கிறோம். அறுவதற்கு 40இல் ஒரு வாய்ப்பு இருந்தாலே லாபம் சரிக்குச் சரி.

மாதம் 5,000 கி.மீ. ஓடும் கால் டாக்ஸிக்கு இந்தக் கணக்கு எளிது: 20 மாதத்தில் லட்சம். வருடம் 6,000 ஓடும் வீட்டுக் காருக்குத்தான் சிக்கல். மீட்டரை மட்டும் பார்த்தால் 16 வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ரப்பர் இறுகி வெடித்துவிடும். அதனால்தான் கையேட்டில் கி.மீ.யோடு வருடக் கெடுவும் இருந்தால், எது முதலில் வருகிறதோ அதை எடுக்க வேண்டும். போதாததற்கு சிக்னல் வேறு. 800 சுற்றில் அரைமணி நேரம் நின்றால் 24,000 சுற்று. மேலே சொன்ன கணக்கில் 12 கி.மீ. வருடத்தில் 300 நாள் இப்படி நின்றால் மீட்டர் 6,000 காட்டும், பெல்ட் 9,600 உழைத்திருக்கும். கெடு 5 வருடம் என்றால் இந்தக் காருக்குச் செலவு கிலோமீட்டருக்கு 50 காசு. எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனாலும் டீசல் செலவில் ஒன்பதில் ஒரு பங்குதான்.

இதெல்லாம் பெல்ட் வண்டிக்கு. டஸ்டரின் 1.5 டீசலில் பெல்ட், ஸ்விஃப்டின் 1.3 டீசலில் செயின். பழைய இன்னோவா 2.5 டீசலில் கெடு வந்ததும் டி-பெல்ட் விளக்கு எரியும். அது ஓடிய தூரத்தை எண்ணுகிறதே தவிர பெல்ட்டைப் பார்ப்பதில்லை. மாற்றாமலேயே விளக்கை மட்டும் அணைத்துவிடவும் முடியும். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர் தேதியும் மீட்டர் அளவும் போட்ட பில்லைக் கேட்க வேண்டும். இல்லையென்றால் 15,000ஐ விலையில் கழித்துக்கொண்டு பேரத்தைத் தொடங்கலாம்.