கோப்புச் சேவையகமும் காத்திருப்போர் வரிசையும்

காலை எட்டு மணி. பாடசாலையொன்றின் கணினிக்கூடத்திலே நாற்பது மாணவர் ஒருங்கே அமர்ந்து, ஒருங்கே தத்தம் பெயரையும் இரகசியச் சொல்லையும் பதிகின்றனர். நேற்று அரைகுறையாக விட்ட பயிற்சியை இன்று தொடரவேண்டும். அப்பயிற்சியோ அவர்கள் முன்னே இருக்கும் கணினியில் இல்லை. அறையின் மூலையிலே இரவு பகலாக இரைந்துகொண்டிருக்கும் வேறொரு பொறியில் இருக்கின்றது. திரையிலே சிறு வளையமொன்று சுழல்கின்றது. ஒரு நிமிடமாகின்றது, மூன்று நிமிடமாகின்றது, ஆறு நிமிடமுமாகின்றது. நாற்பது நிமிடப் பாடவேளையிலே ஆறு நிமிடம் வளையத்தைப் பார்த்திருப்பதிலேயே கழிந்தது. “பொறி பழையதாயிற்று, புதியது வாங்குதல் வேண்டும்” என்று பொறுப்பாளர் எழுதுகின்றார். பணம் ஒதுக்கப்பட்டுப் புதிய பொறியும் வந்து சேருகின்றது. மறுநாட் காலை எட்டு மணிக்கு அதே வளையம் அதே ஆறு நிமிடம் சுழல்கின்றது.

இஃது எந்த ஒரு பாடசாலையையும் சுட்டிக் கூறியதன்று. கணினிகளைப் பிணைத்து வைத்திருக்கும் இடங்களில் எளிதிலே நேரக்கூடியதொன்று. பணமும் செலவாகிக் குறையும் தீராமல் நிற்பதன் காரணம் யாது? அதனை அறியவேண்டுமாயின் அம்மூலைப் பொறி செய்யும் தொழிலை முதலில் அறிதல் வேண்டும்.

அதற்குக் கோப்புச் சேவையகம் என்று பெயர். கச்சேரியிலே பதிவறை இருப்பதுபோல, ஒரு வலையமைப்பிலுள்ள கணினிகளுக்கெல்லாம் பொதுவான பதிவறையாக அஃது அமைகின்றது. கந்தோர் வழக்கிலே கோவை எனப்படுவதைக் கணினி வழக்கிலே கோப்பு என்கின்றனர், வேற்றுமை அவ்வளவே. 1980 களின் முற்பகுதியில் வன்தட்டு மிகுந்த விலைக்குரிய பொருளாயிருந்தது. மேசைக்கொரு வன்தட்டு வைக்க இயலாத நிலையிலே, ஒன்றை வாங்கிப் பலரும் பகிர்ந்துகொள்ளும் வழி தேடப்பட்டது. 1983 இல் நொவெல் நிறுவனத்தின் நெற்வெயார் வெளிவந்தது. சற்றுப் பின்னர் சண் மைக்கிறோசிஸ்ரம்ஸ் நிறுவனத்தார் தம் வலையமைப்புக் கோப்பு முறைமையை வெளியிட்டனர். இன்று வன்தட்டு மலிந்துவிட்டது. ஆயினும் ஒரே கோப்பைப் பலர் கையாளவும், எல்லாவற்றுக்கும் ஓரிடத்திலே பிரதி எடுத்து வைக்கவும் பொதுப் பதிவறை தேவைப்படுகின்றமையால் சேவையகம் நிலைத்துவிட்டது.

கச்சேரிப் பதிவறையிலே ஒரு கோவை கேட்டால் நடப்பது யாது? கேட்டவரின் துண்டுச் சீட்டை ஏவலாளர் கொண்டுபோகின்றார். இலிகிதர் அதனைப் படித்து அனுமதி உண்டோ எனப் பார்க்கின்றார். அண்மையில் எடுத்த கோவையாயின் மேசைமேலேயே கிடக்கும்; அன்றாயின் எழுந்து சென்று அலுமாரியைத் திறந்து தேடவேண்டும். சேவையகத்திலே ஏவலாளர் என்பது வலையமைப்புக் கம்பி; இலிகிதர் செயலி; மேசை நினைவகம்; அலுமாரி வன்தட்டு. இந்நான்கில் ஏதேனும் ஒன்றின் முன்னே வரிசை நீளுமாயின் மற்றை மூன்றும் எத்துணை விரைவுடையனவாயினும் கேட்டவர் காத்திருக்கவே வேண்டும். ஏவலாளர் ஒருவரே இருக்க, இலிகிதரை மட்டும் மாற்றி ஆவதென்ன?

வரிசையின் இயல்பைக் கணக்கிட்டு ஆராய முற்பட்டவர்களுள் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர் டென்மார்க் தேசத்து அக்னர் எயர்லாங் என்பவர். கொப்பன்கேகன் தொலைபேசிக் கம்பனியிலே பணியாற்றிய அவர், அழைப்புகள் எவ்வாறு வந்து குவிகின்றன என்பதுபற்றி 1909 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவ்வழியிலே வளர்ந்த கணிதம் கூறும் செய்தி சற்று வியப்பானது. ஒரு வேலையை முடிக்கப் பத்து மில்லிசெக்கன் எடுக்கும் பொறியொன்று பாதி நேரம் ஓய்வாயிருக்குமாயின், ஒழுங்கின்றி வரும் கோரிக்கையொன்று சராசரியாக இருபது மில்லிசெக்கனில் நிறைவேறும். அப்பொறி நூற்றுக்கு எண்பது வீதம் வேலையில் ஆழ்ந்திருக்குமாயின் ஐம்பது மில்லிசெக்கனாகும்; தொண்ணூறு வீதமாயின் நூறு; தொண்ணூற்றைந்து வீதமாயின் இருநூறு. எண்பதிலிருந்து தொண்ணூற்றைந்துக்கு ஏறியது சிறிதே. காத்திருப்போ நான்கு மடங்காயிற்று. நேற்றுவரை ஒழுங்காக இயங்கிய சேவையகம் ஐந்தாறு கணினிகளைப் புதிதாகச் சேர்த்தவுடன் திடீரெனத் தளர்வது இதனாலேயே.

ஆகவே சீர்செய்யப் புகுமுன் அளவிடுதல் வேண்டும். அளவுகருவிகளைத் தேடி எங்கும் போகவேண்டுவதில்லை. லினக்சு இயங்குதளத்திலே வீஎம்ஸ்ற்றாற், ஐஓஸ்ற்றாற் என்னும் சிறு கட்டளைகள் உள்ளன. விண்டோசிலே செயலாற்றுகைக் கண்காணிப்பி என்பது உண்டு. செயலி எத்தனை வீதம் உழைத்தது, நினைவகத்தில் எவ்வளவு எஞ்சியது, வன்தட்டின் முன்னே எத்தனை கோரிக்கைகள் நின்றன, ஒவ்வொன்றும் எத்துணை நேரம் நின்றது, கம்பிவழியே செக்கனுக்கு எவ்வளவு சென்றது என்பனவற்றை அவை எண்களாகத் தரும். குறையில்லாத நாளொன்றின் எண்களையும் எழுதி வைத்தல் மிக முக்கியம். நலமாயிருந்தபோது நாடி எவ்வாறு துடித்தது என்று தெரியாத வைத்தியர், காய்ச்சற்காரனின் நாடியைப் பிடித்து எதனை ஒப்பிடுவார்?

இங்கே ஒரு பொறி உண்டு. பலர் அதில் வீழ்வர். கண்காணிப்பியை மணித்தியாலத்துக்கொரு சராசரி எடுக்குமாறு அமைத்துவிட்டு, “கம்பியிலே நெருக்கடியே இல்லை, பத்து வீதந்தான்” என்று அறிக்கை எழுதுவர். ஆறு நிமிடம் முழுமையாக அடைபட்டு எஞ்சிய ஐம்பத்துநான்கு நிமிடம் வெறுமையாய்க் கிடந்த கம்பிக்கும் சராசரி பத்து வீதந்தானே! மாணவர் அவதியுற்றது அவ்வாறு நிமிடத்திலேதான். ஆதலால் சில செக்கனுக்கொருமுறை அளந்து, அவ்வெண்களை அப்படியே பார்த்தல் வேண்டும்.

அப்படி அளந்தபோது நம் எடுத்துக்காட்டுப் பாடசாலையிலே தெரிந்தது இதுவாகும். செயலி ஐந்து வீதங்கூட உழைக்கவில்லை, நினைவகம் தாராளமாயிருந்தது, கம்பி மட்டும் நிரம்பி வழிந்தது. மாணவன் எக்கணினியின் முன் அமர்ந்தாலும் தன் பொருள்கள் யாவும் அங்கே இருக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, அவன் பெயரிலுள்ள கோப்புறை முழுவதும் நுழையும்போதே படியெடுக்கப்படுமாறு எவரோ அமைத்திருந்தனர். ஒருவனுக்கு நூறு மெகாபைற்று எனின் நாற்பது பேருக்கு நாலாயிரம் மெகாபைற்று. கம்பிகள் யாவும் வந்து கூடும் பெட்டிக்கு ஆளி என்று பெயர். அவ்வாளி செக்கனுக்கு நூறு மெகாபிற்றுக்கு மேற் கடத்தமாட்டாத பழைய வகையினது. நூறு மெகாபிற்று என்பது காகிதக் கணக்கிலே பன்னிரண்டரை மெகாபைற்று. நடைமுறையிற் பதினொன்று அளவிற் கிடைக்கும். நாலாயிரத்தைப் பதினொன்றாற் பிரித்தால் வருவது ஏறத்தாழ 364 செக்கன். ஆறு நிமிடத்தின் இரகசியம் அதுவே. செக்கனுக்கு ஆயிரம் மெகாபிற்று கடத்தும் ஆளியொன்றை வைத்தால் ஏறத்தாழ 36 செக்கன் போதும். சேவையகத்தின் விலையோடு ஒப்பிட அதன் விலை அற்பமே.

கம்பி விஷயத்திலே இன்னுமொரு குறை உண்டு. கம்பியின் இரு முனைகளிலுமுள்ள கருவிகள், ஒரே வேளையில் அனுப்பவும் பெறவும் செய்வதா, மாறிமாறிச் செய்வதா என்பதில் உடன்படவேண்டும். ஒரு முனையை ஒருவர் கையால் அமைத்துவிட்டு மறுமுனையைத் தானாக அறியுமாறு விட்டால் இவ்வுடன்பாடு தவறலாம். அப்பொழுது சிறு சோதனைச் செய்திகள் குறையின்றிப் போய்வரும். பெரிய கோப்பு மட்டும் ஆமையாய் நகரும். பிழை எண்ணிக்கையைப் பார்ப்பவருக்கே இது புலப்படும்.

ஒரு நெருக்கடி நீங்கினால் அதன் பின்னே மறைந்திருந்த அடுத்தது வெளிப்படும். ஆளியை மாற்றியபின் 36 செக்கனை எதிர்பார்த்த இடத்தில் நூறு செக்கன் ஆகின்றதெனக் கொள்வோம். இப்போது வரிசை அலுமாரியின் முன்னே நிற்கின்றது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்தட்டிலே, வேண்டிய இடம் தலையின் கீழ் வந்துசேரச் சராசரியாக அரைச் சுழற்சி, அதாவது நான்கு மில்லிசெக்கன் செல்லும். தலை நகர்ந்து செல்ல இன்னும் எட்டொன்பது. ஆகவே இடம்விட்டு இடம் தாவித்தாவிப் படிப்பதாயின் செக்கனுக்கு எண்பது முறைக்குமேல் இயலாது. ஒவ்வொரு முறையும் அரை மெகாபைற்று எடுத்தாலும் செக்கனுக்கு நாற்பதுதான். ஒருவனுக்கு மட்டும் ஒரே தொடர்ச்சியாய்ப் படித்தளித்தால் அதே தட்டு நூற்றைம்பதுக்கு மேலும் தரும்; நாற்பது பேர் நாற்பது பக்கம் இழுக்கும்போதே இந்நிலை. அசையும் உறுப்பில்லாத திண்மநிலைச் சேமிப்பகத்துக்கு இத்தாவல் துன்பம் இல்லை.

மேசைமேற் கிடக்கும் கோவையின் பெருமையும் இங்கேதான் விளங்கும். நினைவகத்திலே கிடைத்தால் ஒரு கோரிக்கை பத்திலொரு மில்லிசெக்கனில் நிறைவேறுமென்றும், தட்டுக்குப் போனால் பன்னிரண்டு ஆகுமென்றும் வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை நினைவகத்திற் கிடைத்தால் சராசரி 1.29 மில்லிசெக்கன், தொண்ணூற்றைந்து தடவை கிடைத்தால் 0.7 அளவு. அந்த ஐந்தே வீதம் காத்திருப்பைப் பாதியாக்கிற்று. எனினும் நினைவகத்தைக் கூட்டினால் எல்லாம் தீரும் என்று எண்ணலாகாது. காலையில் ஒவ்வொரு மாணவனும் முதன்முறையாகக் கேட்கும் தன் சொந்தக் கோப்பு மேசைமேல் இராது. எல்லோரும் கேட்கும் பொதுக் கோப்புகளுக்கே அது பெரிதும் உதவும்.

உண்மையில் எல்லாவற்றினும் மலிவான பரிகாரம் வேறொன்று. மாணவனின் பயிற்சிகளைச் சேவையகத்திலேயே இருக்கவிட்டு, அவன் திறக்கும் கோப்பை மட்டும் அவ்வப்போது அனுப்புமாறு அமைத்தால் நாலாயிரம் மெகாபைற்றுக்கு வேலையே இல்லை. செய்யவேண்டாத வேலையை விரைவாய்ச் செய்ய முயல்வதிலே பலர் காலம் போக்குகின்றனர்.

சீர்செய்தல் என்றவுடன் எவரோ எழுதிய குறிப்பைப் பார்த்து எண்களை மாற்றுவோரும் உளர். அவுஸ்திரேலியாவின் கன்பெராவிலே, தேசிய பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த அன்ட்ரூ ட்ரிஜெல் என்பவர் 1990 களின் தொடக்கத்தில் ஆக்கத் தொடங்கிய சம்பா என்னும் மென்பொருள், லினக்சுப் பொறிகளை விண்டோசுக் கணினிகளுக்குக் கோப்புச் சேவையகமாக்குவது. அதற்கு ஒரு புகழ்பெற்ற மருந்துக் குறிப்பு உண்டு. 1984 இல் ஜோன் நேகிள் என்பவர் வகுத்த முறைப்படி, சிறு செய்தியொன்றை அனுப்புபவர் முந்திய செய்திக்கு ஒப்புதல் வரும்வரை அதனைப் பிடித்துவைப்பார். பெறுபவரோ ஒப்புதலைத் தனியே அனுப்பாமல், மறுமொழியோடு சேர்த்தனுப்பலாமென்று சிறிது தாமதிப்பார். வாசலிலே இருவர் “நீங்கள் முன்னே” என்று உபசாரம் சொல்லி நிற்பதுபோல, இருவரும் செக்கனில் ஐந்திலொரு பங்குவரை வீணாக நிற்கக்கூடும். இவ்வுபசாரத்தை நிறுத்தும் கட்டளை அக்காலத்தில் உண்மையாகவே பெரும்பயன் தந்தது. பின்னர் சம்பா தானாகவே அவ்வாறு அமைந்து வந்தது. ஆனால் அக்குறிப்போடு ஒட்டியிருந்த, இடைத்தாங்கியின் அளவைச் சிறிய எண்ணாக நிலைப்படுத்தும் வரியையும் இன்றும் சிலர் படியெடுக்கின்றனர். இக்கால லினக்சு அவ்வளவைத் தேவைக்கேற்பத் தானே கூட்டிக் குறைக்க வல்லது. பழைய வரி அதன் கையைக் கட்டிவிடுகின்றது. விரைவாக்க எழுதிய வரியே தளர்ச்சிக்குக் காரணமாகின்றது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதன் முன்னும் பின்னும் ஓர் அளவீடு என்னும் கட்டுப்பாடு உடையவருக்கு இவ்விபத்து நேராது.

விரைவுக்காக விற்கக்கூடாத பொருளும் ஒன்று உண்டு. மாணவன் “சேமி” என்று கட்டளையிட்டதும், சேவையகம் அதனைத் தட்டில் எழுதி முடித்தபின் “ஆயிற்று” என்று மறுமொழி கூறலாம்; நினைவகத்திலே வாங்கிவைத்துக்கொண்டு, எழுதாமலே “ஆயிற்று” எனவும் கூறலாம். இரண்டாவது பன்மடங்கு விரைவானது. சண் நிறுவனத்தாரின் முறைமை தொடக்கத்தில் முதலாவதையே வற்புறுத்திற்று. 1995 இல் விவரிக்கப்பட்ட மூன்றாம் பதிப்போ, முதலில் வாங்கிவைத்துப் பின்னர் உறுதிசெய்யும் நடுவழியொன்றைத் தந்தது. உறுதிசெய்யும் அப்படியையும் நீக்கிவிடும் தெரிவு அமைப்புப் பட்டியலிலே ஒரு சொல்லளவில் இருக்கின்றது. அச்சொல்லை இட்டவுடன் எண்கள் அழகாகிவிடும். மின்சாரம் நின்ற கணத்திலே, “ஆயிற்று” என்ற சொல்லை நம்பி எழுந்து சென்ற மாணவனின் பயிற்சி எங்கும் இராது. 2022 ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பல மணித்தியால மின்வெட்டைக் கண்ட இலங்கையிலே இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆதலினாலே சேவையகத்தோடு தடையில்லா மின்வழங்கியையும் சேர்த்து வாங்குகின்றனர். மின்சாரம் நின்றதும் அது சேவையகத்துக்கு அறிவித்து, எழுதவேண்டியதை எழுதி முடித்து ஒழுங்காக அணைய அவகாசம் தரும். அதனுள்ளிருக்கும் மின்கலம் சில ஆண்டுகளில் நலிந்துவிடும். பச்சை விளக்கு மட்டும் வழமைபோல எரிந்துகொண்டிருக்கும். செயலி, நினைவகம், தட்டு, கம்பி என்று நாள்தோறும் எண்கள் எழுதப்படும் பதிவேட்டிலே, மின்கலத்தைச் சோதித்த திகதிக்கும் ஒரு நிரல் வேண்டும்.