நில ஆவணங்களின் கணினிமயமும் மூத்த பணியாளரும்: செஞ்சி வட்டத்தை முன்வைத்து

பணியிடம் கணினிமயமாகும்போது மூத்த பணியாளரின் கணினிப் பயிற்சிக் குறைவே சிக்கலாகக் கருதப்படுகிறது. செஞ்சி வட்டத்து வருவாய்த்துறைப் பணியை நோக்கின், இக்கருத்து முழுமையற்றது என்பது தெளிவாகும்.

தமிழகத்தில் கர்ணம், மணியக்காரர் உள்ளிட்ட பழைய கிராம அலுவலர் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டன. கிராம நிர்வாக அலுவலர் பதவி உருவானது. பதவியை மாற்றுதல் எளிது. பதவியிலிருந்தோர் மனத்தில் தங்கிய ஊரறிவைக் கைமாற்றுதல் எளிதன்று.

இன்று அ-பதிவேடு, சிட்டா ஆகியன ‘தமிழ்நிலம்’ மென்பொருளில் பேணப்படுகின்றன. அரசுப் பணியாளரின் ஓய்வு வயது 2021-இல் 60 ஆக உயர்த்தப்பட்டது. எனவே, தாளில் பழகிய தலைமுறை மேலும் சில ஆண்டுகள் கணினியின்முன் பணியாற்றுகிறது. பட்டாவில் பெயரோ உட்பிரிவு எண்ணோ பிழையாகப் பதிவானால், மூல ஏட்டின் கையெழுத்தையும் சுருக்கக் குறிகளையும் படித்து ஒப்பிடும் திறன் இத்தலைமுறையிடமே மிகுதி.

ஆகவே பயிற்சி இருவழியாக அமைதல் வேண்டும். இளையவர் மென்பொருளைக் கற்பிக்க, மூத்தவர் ஏட்டைப் படிக்கக் கற்பிக்கலாம். பணி மதிப்பீட்டில் பதிவேற்றும் வேகத்தோடு சரிபார்ப்பின் துல்லியமும் கணக்கிடப்பட வேண்டும். ஓய்வுக்கு முன்பே மூத்தவரின் விளக்கங்கள் எழுத்தில் பதிவுபெற வேண்டும். பட்டாவில் பெயர் பிழைபட்டால் உழவரின் வங்கிக் கடன் தடைபடக்கூடும். ஆதலின் மூத்த பணியாளரைப் பேணுதல் அவர்க்குக் காட்டும் சலுகையன்று; உழவரின் நிலவுரிமைக்கான காப்பாகும்.