ஜாமும் ஜெல்லியும்

உத்தரப் பிரதேசத்தில் பிரயாக்ராஜ் என்ற நகரம் இருக்கிறது. 2018 வரை அதன் பெயர் அலகாபாத். கங்கையும் யமுனையும் கூடும் ஊர் அது. அந்த வட்டாரத்துக் கொய்யா நாடெங்கும் பெயர் பெற்றது. 'அலகாபாத் சஃபேதா' என்ற கொய்யா வகை ஊர்ப் பெயரிலேயே வழங்குகிறது. 'சஃபேதா' என்றால் வெள்ளை. பழத்தின் சதை வெள்ளையாக இருக்கும்.

குளிர்காலத்தில் எல்லாத் தோட்டத்திலும் ஒரே சமயத்தில் பழம் பழுக்கும். சந்தையில் கூடை கூடையாகக் குவியும். விலை இறங்கும். கொய்யா பறித்த சில நாளில் குழைந்துவிடும். விற்காத பழம் குப்பைக்குப் போகும். பாடுபட்டவருக்கு நஷ்டம்.

அதே பழத்தை ஜாமாகவோ ஜெல்லியாகவோ செய்தால் பல மாதம் கெடாது. இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

என்ன வேறுபாடு?

ஜாமில் பழத்தின் சதை இருக்கும். பழத்தை வேகவைத்து மசித்து, சர்க்கரை சேர்த்துக் கிளறினால் ஜாம். அது கூழ் போல இருக்கும். அதன் வழியே வெளிச்சம் தெரியாது.

ஜெல்லியில் சதை இருக்காது. பழத்தை வேகவைத்து, வடித்த சாற்றை மட்டும் சர்க்கரையோடு காய்ச்சினால் ஜெல்லி. அது கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டில் போட்டாலும் உருவம் கலையாது. கத்தியால் வெட்டினால் துண்டாக நிற்கும்.

சாறு எப்படிக் கட்டியாகிறது?

பழத்தில் 'பெக்டின்' என்ற பொருள் இருக்கிறது. செங்கல்லைச் சுண்ணாம்பு பிடித்து வைப்பது போல, அது பழத்தின் சதையைப் பிடித்து வைக்கிறது. பழம் வேகும்போது பெக்டின் சாற்றில் இறங்குகிறது. புளிப்பும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சினால், ஆறும்போது பெக்டின் வலை போலப் பின்னிக்கொள்கிறது. சாறு அந்த வலைக்குள் நின்றுவிடுகிறது. அதுதான் ஜெல்லி.

பெக்டின், புளிப்பு, சர்க்கரை மூன்றும் அளவாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஜெல்லி உறையாது. கொய்யாவிலும் விளாம்பழத்திலும் பெக்டின் அதிகம். அன்னாசியில் குறைவு. அதனால் அன்னாசி ஜாமுக்கு ஏற்றது. மிகவும் கனிந்த பழத்திலும் பெக்டின் குறைந்துவிடும்.

கொய்யா ஜெல்லி செய்யும் முறை

பழுத்தும் கெட்டியாக இருக்கும் பழங்களை எடுக்க வேண்டும். கழுவி, மெல்லிய வில்லைகளாக நறுக்க வேண்டும். வில்லை மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, எலுமிச்சைச் சாறு கொஞ்சம் சேர்த்து, அரை மணி நேரம் வேகவிட வேண்டும்.

பிறகு மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். சாறு சொட்டுச் சொட்டாக இறங்கும். இரவு முழுவதும் விடலாம். துணியைப் பிழியக் கூடாது. பிழிந்தால் சதையும் கலந்து சாறு கலங்கிவிடும். கலங்கிய ஜெல்லிக்கு நல்ல விலை கிடைக்காது.

தெளிந்த சாறு ஒரு டம்ளர் என்றால் சர்க்கரை முக்கால் டம்ளர். இரண்டையும் அகலமான பாத்திரத்தில் விரைவாகக் காய்ச்ச வேண்டும். நுரையை எடுத்துவிட வேண்டும்.

பதம் பார்ப்பது முக்கியம். கரண்டியில் எடுத்துச் சற்று ஆறவிட்டுச் சாய்க்க வேண்டும். நீர் போல ஓடினால் பதம் வரவில்லை. துளிகள் ஒன்று சேர்ந்து, தகடு போல விழுந்தால் பதம் வந்துவிட்டது. உடனே இறக்க வேண்டும். அதிகம் காய்ந்தால் ஜெல்லி ரப்பர் போலாகும்; அல்லது உறையாமல் பாகாகவே நின்றுவிடும்.

வெந்நீரில் கொதிக்கவைத்து உலர்த்திய பாட்டிலில் சூடாகவே ஊற்ற வேண்டும். உறையும்வரை அசைக்கக் கூடாது. செம்பொன் நிறத்தில் ஜெல்லி உறையும். சாயம் தேவையில்லை.

துணியில் நின்ற சதையும் வீணல்ல. அதைச் சல்லடையில் தேய்த்து விதையை நீக்கிச் சர்க்கரையோடு கிளறினால் கொய்யா பர்ஃபி ஆகும்.

பாக்கெட் ஜெல்லி வேறு

கடையில் ஜெல்லித் தூள் விற்கிறது. பல பாக்கெட்டுகளில் 'ஜெலட்டின்' இருக்கும். அது மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சிலவற்றில் கடற்பாசி இருக்கும். அவற்றில் பழச்சாறே இல்லாமலும் இருக்கலாம். பாக்கெட்டில் உள்ள எழுத்தைப் படித்துப் பார்த்து வாங்குவது நல்லது. சைவ உணவுக்குப் பச்சை வட்டக் குறி இருக்கும்.

கவனிக்க வேண்டியவை

ஜெல்லியில் பாதிக்கு மேல் சர்க்கரை. அதுதான் கெடாமல் காக்கிறது. ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது. ஈரக் கரண்டி போட்டால் பூஞ்சணம் பூக்கும். பூத்தால் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடக் கூடாது. முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

செய்து விற்க விரும்புகிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். பாட்டிலில் செய்த தேதியை எழுத வேண்டும். பழம் பதப்படுத்தும் பயிற்சி பற்றி மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

விலை இறங்கிய நாளில் பழத்தைக் கொட்ட வேண்டியதில்லை. ஒரு துணி, ஒரு பாத்திரம், கொஞ்சம் பொறுமை. இவை இருந்தால் குளிர்காலக் கொய்யா கோடையிலும் காசாகும்.