யாரும் அணைக்காத எஸ்எம்பி 1

2017 மே 12, வெள்ளிக்கிழமை. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளின் கணினிகளில் சிவப்புத் திரை தோன்றியது. கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன, திறக்க வேண்டுமானால் 300 டாலரை பிட்காயினாகக் கட்ட வேண்டும் என்றது அது. அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. ஆம்புலன்ஸ்கள் வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பிவிடப்பட்டன. வான்னாகிரை என்ற அந்த வைரஸ் சில நாட்களில் சுமார் 150 நாடுகளை எட்டியது.

யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையிருக்கவில்லை. ஒரு கணினிக்குள் புகுந்ததும், மற்ற கணினிகளில் 445ஆம் எண் போர்ட் திறந்திருக்கிறதா என்று அதுவே தேடியது. அங்கே காத்திருந்தது எஸ்எம்பி. ஒரு கணினியின் ஃபோல்டரை இன்னொன்றிலிருந்து திறக்கவும், அலுவலகம் முழுக்க ஒரே பிரிண்டரைப் பயன்படுத்தவும் உதவும் நெறிமுறை இது. பிறந்தது 1983இல், ஐபிஎம் நிறுவனத்தில். நெட்வொர்க்கில் அந்நியர் நுழைவார் என்று பெரிதாகக் கவலைப்படாத காலம் அது.

2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு எஸ்எம்பியின் இரண்டாம் பதிப்பு வந்தது. ஆனால் முதல் பதிப்பான எஸ்எம்பி 1உம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், விண்டோஸில் இயங்கிக்கொண்டே இருந்தது. அதில் இருந்த ஓட்டையை அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ கண்டுபிடித்து, வெளியே சொல்லாமல் வைத்திருந்தது. அதைப் பயன்படுத்தும் கருவி 2017 ஏப்ரலில் கசிந்தது. மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டிருந்தது உண்மைதான். அப்டேட் போடாதவர்கள்தான் குற்றவாளிகள் என்று அப்போது எல்லோரும் திட்டினார்கள்.

பாதி நியாயம்தான் அது. எஸ்எம்பி 1 தேவைப்படாத கணினிகளில் அது ஏன் ஓடிக்கொண்டிருந்தது? அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று மைக்ரோசாஃப்டின் நெட் பைல் 2016 செப்டம்பரிலேயே எழுதிவிட்டார். ஆனால் புதிதாக நிறுவும் விண்டோஸ் 10இல் அது வழக்கமாக இல்லாமல் போனது 2017 அக்டோபரில்தான். அதற்குள் ஜூனில் நாட்பெட்யா என்ற இன்னொரு வைரஸ் அதே ஓட்டையையும் பயன்படுத்திப் பரவியது. மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் 45,000 கணினிகளில் எல்லாவற்றையும் மறுபடி நிறுவ வேண்டியதாயிற்று.

அணைக்க ஏன் இந்தத் தயக்கம்? அணைத்தால் எங்கோ ஒரு பழைய ஸ்கேனர் நின்றுபோகும். புகார் உடனே மென்பொருள் தயாரிப்பாளருக்குப் போகும். அணைக்காவிட்டால் வரும் நஷ்டமோ வாடிக்கையாளருடையது. இந்தக் கணக்கு மாறாதவரை அடுத்த நெறிமுறையிலும் இதே கதைதான்.

அதற்காகக் கண்ணில் பட்டதையெல்லாம் அணைக்கவும் கூடாது. 2024 ஆகஸ்டில் விண்டோஸில் இணைய நெறிமுறையான ஐபிவி6 பகுதியில் ஆபத்தான ஓட்டை வெளியானதும், ஐபிவி6ஐயே நிறுத்தச் சொன்னவர்கள் உண்டு. இன்றைய மொபைல் நெட்வொர்க்குகள் பல அதில்தான் ஓடுகின்றன. அங்கே அப்டேட்தான் சரியான மருந்து.

எஸ்எம்பி 1 அப்படியல்ல. விண்டோஸ் 8.1 அல்லது 10 இருந்தால், கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள். ‘எஸ்எம்பி 1.0’ என்று தொடங்கும் வரியில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு ஆபீஸ் ஸ்கேனர் முரண்டுபிடித்தால், மாற்ற வேண்டியது அந்த ஸ்கேனரைத்தான்.