பில்லைக் கொளுத்திய ஊரும் குளத்தில் இறங்கிய மக்களும்

சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் சூழ்ந்த மண் கல்லங்குறிச்சி. நிலத்தடி நீரைப் பற்றிப் பேசாத டீக்கடை இங்கே இல்லை. அண்மையில் இப்பகுதிக் கல்லூரி மாணவர்களோடு பேசிக்கொண்டிருந்தோம். "தண்ணீருக்குக் காசு கட்ட மாட்டோம்னு ஊரே சேர்ந்து சொன்னா என்ன ஆகும் தோழர்?" என்று ஒரு மாணவி கேட்டார்.

அப்படிச் சொன்ன ஊர் ஒன்று உண்டு. தென் அமெரிக்காவில், பொலிவியா நாட்டின் கொச்சபம்பா.

1999-ல் அந்நகரின் குடிநீர் விநியோகத்தை அரசு 40 ஆண்டுகளுக்குத் தனியார் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது. அதன் பின்னணியில் இருந்தது அமெரிக்காவின் பெக்டெல். கூடவே ஒரு சட்டமும் வந்தது. ஏழைகளும் பூர்வகுடி மக்களும் தங்கள் கைக்காசிலும் உடலுழைப்பிலும் தோண்டிய கிணறுகள்கூட நிறுவனத்தின் கைக்குப் போய்விடும் என்ற அச்சம் பரவியது. 2000 ஜனவரியில் புதிய கட்டணம் வந்தது. பல வீடுகளில் பில் இரண்டு மடங்கானது.

மக்கள் கட்ட மறுத்தார்கள். கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்போம் என்றது நிறுவனம். ஒரு வீடு மறுத்தால் துண்டிக்கலாம், ஊரே மறுத்தால்? நகரின் நடுச் சதுக்கத்தில் பில்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளியான ஆஸ்கர் ஒலிவேரா முன்னணியில் நின்றார். விவசாயிகள், ஆலைத் தொழிலாளர்கள், மாணவர்கள், தெரு வியாபாரிகள் என எல்லோரும் ஓர் அணியானார்கள். ஏப்ரலில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் விக்டர் ஹூகோ தாசா என்ற 17 வயது மாணவர் உயிரிழந்தார். சில நாட்களிலேயே ஒப்பந்தம் ரத்தானது, சட்டமும் திருத்தப்பட்டது. இழப்பீடு கேட்டு சர்வதேச நடுவர் மன்றம் போன நிறுவனம், 2006-ல் வழக்கைக் கைவிட்டது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் கைதட்டிவிட்டு எழுந்து போயிருப்போம். ஆனால், தண்ணீர் பொதுத்துறைக்குத் திரும்பி ஆண்டுகள் பல கடந்தும், நகரின் தெற்குப் பகுதி ஏழைகள் பலருக்குக் குழாய் வரவில்லை. லாரித் தண்ணீரைக் கூடுதல் விலைக்கு வாங்கினார்கள். தண்ணீர் பொதுவானது, ஆனால் அந்தப் பொதுவுக்குள் எல்லோரும் இல்லை.

இந்த வலி நமக்குப் புதிதல்ல. மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் இருந்த சவதார் குளம் தனியார் குளம் அல்ல, நகராட்சிக் குளம். பொது நீர்நிலைகள் அனைவருக்கும் உரியவை என்று பம்பாய் சட்டசபை 1923-ல் தீர்மானம் போட்டது. மகாட் நகராட்சியும் அதை ஏற்றது. ஆனாலும் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்டவர்களால் அங்கே ஒரு குவளை தண்ணீர் மொள்ள முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மக்களோடு சென்று அந்தக் குளத்துநீரை அள்ளிக் குடித்தார். அதற்காக அடி விழுந்தது, வழக்கும் வந்தது. 1937-ல்தான் உயர் நீதிமன்றத்தில் நியாயம் கிடைத்தது. கிணறு, குளம், படித்துறையில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 15-வது பிரிவு சொல்வதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. அப்படியும் 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டத்தில், வேங்கைவயல் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்ததைப் பார்த்தோம்.

தனியார்மயம் தொலைவில் இல்லை. கோவை மாநகராட்சி குடிநீர் விநியோகப் பணியை 26 ஆண்டு ஒப்பந்தத்தில் பிரெஞ்சு நிறுவனமான சூயஸிடம் தந்தது. கட்டணம் நிர்ணயிப்பது நாங்கள்தான் என்றது மாநகராட்சி. ஆனாலும் எதிர்ப்பு ஓயவில்லை. லாபக் கணக்கு குழாய்க்குள் நுழைந்தால் முதலில் வறண்டுபோவது சேரியின் குடம்தான்.

ஆகவே மாணவியின் கேள்விக்கு எங்கள் பதில் இது. பில் கட்ட மறுப்பது கூர்மையான ஆயுதம். கூட்டாக ஏந்தினால்தான் அது வெட்டும். தனியே ஏந்தினால் நம் கையையே வெட்டும். இணைப்பைத் துண்டித்தால் கேன் தண்ணீர் வாங்க வசதி உள்ளவர் தாங்குவார், கூலிக்காரர் தாங்க மாட்டார். வீட்டு இணைப்பே இல்லாதவருக்கு மறுக்க பில்லும் இல்லை. மேலும், கொச்சபம்பா மக்கள் மறுத்தது ஒரு கம்பெனிக்கு. நம் ஊரில் தண்ணீர் வரி போவது ஊராட்சிக்கு. அது நின்றால் மோட்டார் பழுது பார்க்கவும் காசு இருக்காது.

ஊராட்சியிடம் நமக்குள்ள ஆயுதம் கிராம சபை. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-லும் தமிழ்நாட்டில் அது கூடுகிறது. மகாட் நாளுக்கு இரண்டு நாள் கழித்து. மாணவர்களே, அதற்கு முன் ஒரு நோட்டுடன் தெருத்தெருவாகப் போங்கள். ஊருக்கு எத்தனை குழாய், காலனிக்கு எத்தனை? யாருக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது? தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது? எழுதி எடுத்து வந்து சபையில் உரக்கப் படியுங்கள், தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள்.

தண்ணீர் பொதுவில் இருக்க வேண்டும். அந்தப் பொதுவில் நாமும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் குடம் நிறையாது.