தவில் கேட்கிறது, தாளத்தைக் காணோம்!

அம்பத்தூரில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 1983-ஆம் ஆண்டு போனஸ் பணத்தில் வாங்கிய ஒரு ஜோடி ஒலிபெருக்கிப் பெட்டிகளைச் சென்ற மழைக்காலத்தில் பரணிலிருந்து இறக்கினார். வானொலியில் ஒலிபரப்பான நாதசுரக் கச்சேரிகளை அவருடைய காலஞ்சென்ற தம்பி ஒலிநாடாக்களில் பதிந்து வைத்திருந்தார். அவற்றை அந்தப் பெட்டிகளிலேயே கேட்க வேண்டும் என்பது பெரியவரின் ஆசை.

ஆனால் இடது பெட்டியில் தவிலடி விழும்போதெல்லாம் கிழிந்த முறத்தைத் தட்டுவது போன்ற ஓசை வந்தது. வலது பெட்டியைப் பற்றி அவர் சொன்னது இது: “தம்பி, இதுல தவில் கேட்குது, தாளத்தைக் காணோமே!” கடைக்காரர் ஒருவரிடம் காட்டியபோது, “ரெண்டையும் எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க சார்” என்று சொல்லிவிட்டாராம்.

மாணவர்களே, அந்தப் பெரியவர் தம்மை அறியாமலேயே நோயைச் சரியாகக் கூறிவிட்டார். தவில் தாழ்ந்த ஒலி. தாளம் என்னும் பித்தளைக் கிண்ணங்களின் ஒலி மிக உயர்ந்தது. ஒன்று கெட்டு மற்றொன்று நன்றாக இருக்கிறது என்றால், பெட்டிக்குள் இந்த இரண்டையும் பிரித்து அனுப்பும் ஏற்பாடு ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? அதைப் பிறகு காண்போம். முதலில் கிழிந்த முறத்தைக் கவனிப்போம்.

பெட்டியின் முன்துணியைக் கழற்றினால் இரண்டு ஒலிபெருக்கிகள் தெரியும். பெரியது வூஃபர், தாழ்ந்த ஒலிகளுக்கு உரியது. சிறியது ட்வீட்டர், உயர்ந்த ஒலிகளுக்கு உரியது. இரண்டும் வேலை செய்யும் முறை ஒன்றே. ஒரு காந்தத்தின் குறுகிய வட்ட இடைவெளியில் மெல்லிய கம்பிச்சுருள் தொங்குகிறது. இதை மெக்கானிக்குகள் வாய்ஸ் காயில் என்பார்கள். சுருளில் மின்னோட்டம் முன்னும் பின்னும் மாறிப் பாயும்போது சுருளும் முன்னும் பின்னும் அசைகிறது. அதனுடன் ஒட்டப்பட்ட கூம்பும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. பிளெமிங்கின் இடக்கை விதியை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925-இல் வெளியிட்ட இந்த அமைப்பே, சிறு மாறுதல்களுடன் இன்றும் வழக்கில் உள்ளது.

கூம்பு தடையின்றி அசைய வேண்டும். ஆனால் பக்கவாட்டில் நகரக்கூடாது. அதற்காகக் கூம்பின் விளிம்பை உலோகச் சட்டத்துடன் ஒரு மென்மையான வளையம் இணைக்கிறது. கடைகளில் இதைச் சரவுண்டு என்று கேட்டால் கொடுப்பார்கள். பழைய வானொலிப் பெட்டிகளில் கூம்பின் காகித விளிம்பையே மடிப்பு மடிப்பாகச் செய்து இந்த வேலையை வாங்கினார்கள். 1954-இல் எட்கர் வில்ச்சூர் என்னும் அமெரிக்கர், காற்றுப் புகாத சிறு பெட்டியில் உள்ள காற்றையே வில்லாகப் பயன்படுத்தும் ஒலிபெருக்கியைச் செய்து காட்டினார். அதில் கூம்பு நெடுந்தூரம் அசைய வேண்டியிருந்தது. ஆகவே விளிம்பு மிகவும் நெகிழ்வாக இருக்க வேண்டும். இத்தகைய பெட்டிகள் பரவிய பின்னர், பாலியூரித்தேன் நுரையால் ஆன வளையங்கள் எங்கும் வழக்கத்துக்கு வந்தன.

பெரியவரின் பெட்டியில் இருந்ததும் நுரை வளையமே. விரலால் தொட்டேன். ஈரமான கேழ்வரகுப் புட்டுப் போல உதிர்ந்து விரலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. நாற்பது ஆண்டுகளில் காகிதக் கூம்பு கெடவில்லை; காந்தம் வலிமை குன்றவில்லை; செப்புச் சுருளும் அப்படியே இருந்தது. மென்மையான இந்த வளையம் மட்டும் ஏன் அழிந்தது?

“பயன்படுத்தாமல் பத்திரமாகத்தானே வைத்திருந்தேன்!” என்று பெரியவர் வருந்தினார். வளையத்தைப் பயன்பாடு கெடுக்கவில்லை. கெடுத்தது தண்ணீர்.

எஸ்ட்டர்களைப் பற்றி வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் சேர்ந்தால் எஸ்ட்டரும் நீரும் கிடைக்கின்றன. இந்த வினை திரும்பியும் நடக்கும். எஸ்ட்டருடன் நீர் சேர்ந்தால் மீண்டும் அமிலமும் ஆல்கஹாலுமாகப் பிரியும். இதுவே நீராற்பகுப்பு. 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயரும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்த பாலியூரித்தேனில் ஒரு வகை, எஸ்ட்டர் பிணைப்புகள் ஆயிரக்கணக்கில் தொடர்ந்து வரும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. காற்றிலுள்ள நீராவி நுரையின் நுண்ணிய அறைகளுக்குள் புகுந்து, இந்தச் சங்கிலிகளை ஒவ்வொரு கண்ணியாக வெட்டுகிறது. வெட்டப்பட்ட இடத்தில் அமிலத் தொகுதி தோன்றுகிறது. அமிலமோ அடுத்த வெட்டுக்கு ஊக்கியாக அமைகிறது! ஆகவே முதலில் மெதுவாகத் தொடங்கும் அழிவு, போகப் போக விரைவாகிறது. பல ஆண்டுகள் நன்றாக இருந்த வளையம் ஒரே மழைக்காலத்தில் உதிர்ந்துவிட்டது போலத் தோன்றுவதற்கு இதுதான் காரணம்.

கடற்கரை நகரத்தின் ஈரக்காற்று ஒரு பக்கம். மே மாதத்தில் மொட்டைமாடிக்குக் கீழே பரணில் தேங்கும் வெப்பம் மற்றொரு பக்கம். வெப்பம் கூடினால் வேதிவினை விரைவாகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. பரணில் வைத்தது பாதுகாப்பு அன்று; மெல்லிய அடுப்பில் வைத்தது போலாயிற்று! ஈத்தர் பிணைப்புகள் கொண்ட மற்றொரு வகை நுரையும் உண்டு. அது நீரைத் தாங்கும். ஆனால் ஒளியும் ஆக்சிஜனும் அதைக் கெடுக்கும். நம் ஊருக்கு ரப்பர் வளையமே ஏற்றது என்பது என் கருத்து. ஆனால் அது கனம் கூடியது. நுரைக்கென்று வடிவமைத்த வூஃபரில் ரப்பரை ஒட்டினால் கூம்பின் இயல்பான அதிர்வெண் மாறிவிடும். எனவே நுரைக்கு நுரையே போட்டோம்.

புதிய வளையத்தை ஒட்டுவது கடினமான வேலை அன்று, பொறுமையான வேலை. பழைய நுரையையும் பசையையும் சுரண்டி எடுத்து, வளையத்தின் உள் விளிம்பை வெள்ளைப் பசையால் கூம்பில் ஒட்டி ஒரு நாள் காயவிட வேண்டும். வெளி விளிம்பை ஒட்டும்போதுதான் சோதனை. காந்த இடைவெளியில் சுருளுக்கு இரு பக்கமும் உள்ள இடம் ஒரு மில்லிமீட்டரிலும் குறைவு. வளையம் சற்றே ஒரு பக்கம் இழுத்தாலும் சுருள் காந்தத்தில் உரசும். என் முதல் முயற்சியில், பல ஆண்டுகளுக்கு முன், கண்மதிப்பாக ஒட்டினேன். மறுநாள் கூம்பை அழுத்தினால் மணல்தாளைத் தேய்ப்பது போன்ற ஓசை! முழுவதையும் பிய்த்து மறுபடியும் செய்ய வேண்டியதாயிற்று. சரியான வழி இதுதான்: கூம்பின் நடுவிலுள்ள சிறு மூடியைக் கவனமாக வெட்டி எடுத்து, சுருளுக்கும் உள்ளிருக்கும் இரும்புத் தண்டுக்கும் இடையில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் துண்டுகள் நான்கைச் சமதூரத்தில் செருக வேண்டும். சுருள் தானே நடுவில் நிற்கும். வெளி விளிம்பு காய்ந்ததும் துண்டுகளை உருவிவிட்டுப் புதிய மூடியை ஒட்டலாம். பிறகு இரு கை விரல்களாலும் கூம்பை ஒரே சீராக அழுத்தி, காதை அருகில் வைத்துக் கேளுங்கள். ஓசையே இருக்கக்கூடாது.

வலது பெட்டியின் வளையத்தையும் அப்படியே மாற்றினோம். தவில் இரண்டிலும் அருமையாக ஒலித்தது. ஆனால் வலது பெட்டியில் தாளம் வரவில்லை.

ட்வீட்டர் எரிந்துவிட்டதோ என்றுதான் யாரும் நினைப்பார்கள். மீட்டரை வைத்துப் பார்த்தேன். 6 ஓம் காட்டியது. 8 ஓம் என்று அச்சிட்ட ட்வீட்டருக்கு இது சரியான அளவே. அச்சிட்ட எண் மாறுதிசை மின்னோட்டத்துக்கு அது காட்டும் மொத்த எதிர்ப்பைக் குறிக்கும்; மீட்டர் காட்டுவது கம்பியின் மின்தடையை மட்டும். ஆகவே ட்வீட்டர் உயிருடன்தான் இருந்தது. அப்படியானால் அதற்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

இனி அந்தப் பிரித்து அனுப்பும் ஏற்பாட்டைக் காண்போம். அதன் பெயர் கிராஸ்ஓவர். பெட்டியின் உள்ளே சிறு பலகையில் ஒரு செப்புக் கம்பிச்சுருளும், கடைக்காரர்கள் கண்டென்சர் என்று கூறும் ஒரு மின்தேக்கியும் இருந்தன. வேறொன்றும் இல்லை. மின்தேக்கி 4.7 மைக்ரோபாரட், சுருள் 0.3 மில்லிஹென்றி.

மின்தேக்கியின் மின்மறுப்பு 1/(2πfC) என்பதையும், சுருளின் மின்மறுப்பு 2πfL என்பதையும் மேல்நிலை வகுப்பில் படிப்பீர்கள். இங்கே எண்களைப் போட்டுப் பாருங்கள். 100 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மின்தேக்கி சுமார் 339 ஓம் மறுக்கிறது, சுருள் 0.19 ஓம் மட்டுமே மறுக்கிறது. 10,000 ஹெர்ட்ஸில் மின்தேக்கி 3.4 ஓம், சுருளோ சுமார் 19 ஓம். ட்வீட்டருக்கு முன்னால் மின்தேக்கியையும் வூஃபருக்கு முன்னால் சுருளையும் வைத்தால், தவில் ஒரு வழியும் தாளம் மற்றொரு வழியும் தாமாகவே போய்விடுகின்றன. ஆளும் வேண்டாம், மின்கலமும் வேண்டாம். மின்தேக்கியின் மறுப்பு ட்வீட்டரின் 8 ஓமுக்குச் சமமாகும் இடமே இரண்டும் பிரியும் சந்திப்பு. கணக்கிட்டால் ஏறத்தாழ 4,200 ஹெர்ட்ஸ் வரும்.

பலகையிலிருந்து மின்தேக்கியின் ஒரு காலைக் கழற்றி அளந்தேன். 4.7 இருக்க வேண்டிய இடத்தில் 0.6 மைக்ரோபாரட் மட்டுமே இருந்தது! இந்த அளவுக்குச் சந்திப்பு எங்கே நகரும் என்று பாருங்கள்: ஏறத்தாழ 33,000 ஹெர்ட்ஸ். மனிதக் காது கேட்கக்கூடிய எல்லையே 20,000 ஹெர்ட்ஸ்தான். ட்வீட்டருக்குப் போக வேண்டிய தாளம் முழுவதும் வாசலிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது.

அது ஏன் குறைந்தது? அந்தக் காலப் பெட்டிகளில் விலை மலிவு என்பதற்காக மின்பகு மின்தேக்கிகளைப் பயன்படுத்தினார்கள். அலுமினியத் தாளின் மேல் படிந்த மிக மெல்லிய ஆக்சைடு படலமே அதில் காப்புப் பொருள். அதைத் தொட்டு நிற்பது மின்பகு திரவம் தோய்ந்த காகிதம். ரப்பர் அடைப்பின் வழியாகத் திரவம் ஆண்டுக்கணக்கில் கசிந்து உலர்ந்தால் மின்தேக்குதிறன் விழுந்துவிடும். எல்லாம் இப்படிக் குறைவதும் இல்லை. சிலவற்றில் படலம் பழுதுபட்டு அளவு கூடுவதும் உண்டு. மிக மோசமானது, உள்ளே குறுக்குச் சுற்று ஏற்படுவது. நல்ல நிலையில் 100 ஹெர்ட்ஸ் ஒலியின் திறனில் ஏறத்தாழ 1,800-இல் ஒரு பங்குதான் ட்வீட்டரை அடைகிறது. குறுக்குச் சுற்று ஏற்பட்டால் அது முழுவதும் அந்த மெல்லிய சுருளுக்குள் பாயும். சற்று நேரத்தில் ட்வீட்டர் எரிந்துபோகும். நூறு ரூபாய்கூடப் பெறாத ஒரு பொருள், எங்கும் கிடைக்காத ஒரு பழைய ட்வீட்டரைக் கொன்றுவிடும்!

ரிச்சி தெருவுக்குப் போய்ப் புதியது வாங்கினேன். சாதாரண மின்பகு மின்தேக்கியை இங்கே போடக்கூடாது. அதற்கு நேர்முனை, எதிர்முனை உண்டு. இசையின் மின்னோட்டமோ நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறுவது. தலைகீழாகப் பாய்ந்தால் ஆக்சைடு படலம் சிதைந்து, உள்ளே வாயு உண்டாகி வீங்கும். இருமுனை வகை கிடைக்காத நாட்களில் மெக்கானிக்குகள் 10 மைக்ரோபாரட் மின்தேக்கிகள் இரண்டை எதிரெதிராகத் தொடரிணைப்பில் வைத்துச் சமாளிப்பார்கள். மொத்தம் எவ்வளவு வரும் என்று கணக்கிட்டுக் கொள்ளுங்கள். நான் வாங்கியது பிளாஸ்டிக் படல வகை. அதில் உலர்ந்துபோகத் திரவமே இல்லை. உருவத்தில் பழையதைவிடப் பெரியது. அதனால் அதைப் பலகையில் கட்டிப் பசையிட்டு நிறுத்த வேண்டியிருந்தது. இல்லையேல் தவிலடிக்கு அது தானும் தாளம் போடும்.

இடது பெட்டியின் மின்தேக்கி 4.1 காட்டியது. இன்னும் வேலை செய்யும்தான். ஆனாலும் இரண்டு பெட்டிகளும் ஒத்திருக்க வேண்டும் என்பதால் அதையும் மாற்றினோம். செப்புச் சுருள்களைத் தொடவே இல்லை. வெறும் கம்பியில் கெடுவதற்கு என்ன இருக்கிறது?

மூடுவதற்கு முன் ஒரு சோதனை. 1.5 வோல்ட் மின்கலத்தை வூஃபரின் முனைகளில் ஒரு கணம் தொட வேண்டும். நேர்முனையைச் சிவப்புக் குறியில் தொட்டால் கூம்பு வெளியே தள்ள வேண்டும். இரு பெட்டிகளிலும் ஒரே திசையில் தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுத்தால், ஒரு கூம்பு நெருக்கிய காற்றை மற்றொரு கூம்பு தளர்த்திவிடும். தவில் பாதி காணாமல் போகும். ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் 230 வோல்ட் இல்லை. ஆகவே பெரியவர்கள் துணையுடன் நீங்களும் இந்த வேலையைச் செய்து பார்க்கலாம். ஆம்ப்ளிபயரை மட்டும் திறக்காதீர்கள்; இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

அன்று மாலை ஒலிநாடா ஓடியது. முதலில் சுருதி, பிறகு வலது பக்கத்திலிருந்து ‘ணங்’ என்று தாளம். பெரியவர் எதுவும் சொல்லாமல் ஒலியைச் சற்றுக் கூட்டினார்.

மறுநாள் பின்பலகையை மூடும் முன், அதன் உட்புறத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்: நுரை வளையம் மாற்றியது, மின்தேக்கி 4.7, நாள், மாதம், ஆண்டு. அடுத்த முறை திறப்பவருக்கு எதை முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தெரியும்.