பத்துமலை வழியில் சில ஆங்கிலச் சொற்கள்

தைப்பூசத்துக்குச் சாஆவிலிருந்து புறப்படுவோர் லாபிஸில் ரயிலேறினால், கே.எல். சென்ட்ரலில் இறங்கி, 2010இல் திறக்கப்பட்ட பத்துமலை நிலையத்துக்கு வேறு ரயில் பிடிக்க வேண்டும். இவ்வழிக்கு வேண்டிய ஆங்கிலத்தில் பாதி நம் பிள்ளைகளிடமே இருக்கிறது. மலாய்ப் பாடத்தில் வரும் டிக்கெட், ஸ்டேசன், கவுண்டர் எல்லாம் ஆங்கிலச் சொற்களே, எழுத்துக்கூட்டல்தான் வேறு.

சிரமம் தருபவை மற்றவை. 'ஃபேர்' என்பது பயணக் கட்டணம். 'ரிட்டர்ன்' என்பது போய்வரும் சீட்டு. 'சேஞ்ச்' இருக்கிறதே, அது கவுண்டரில் மீதிச் சில்லறை. ரயிலிலோ, இறங்கி வண்டி மாறு என்று பொருள். சில்லறை என்று மட்டும் அறிந்தவர் மாற வேண்டிய இடத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்!

இதற்காக நாங்கள் வகுப்பில் தைப்பூசக் காணொளிகளைக் காட்டுகிறோம். முதலில் ஒலியை நிறுத்திவிடுவோம். தேர், பால்குடம், 272 படிகள், குகை என்று பிள்ளைகள் தமிழில் சொல்வார்கள். பிறகு ஆங்கில விளக்கத்தோடு பார்ப்போம். 'சேரியட்', 'ஸ்டெப்ஸ்', 'கேவ்' என்று காதில் விழும்போது பொருள் கண்முன்னே நிற்கும். காவடி மட்டும் ஆங்கிலத்திலும் காவடிதான்.

ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். மாலையில் வீட்டுத் திண்ணையைக் கவுண்டராக்குங்கள். பிள்ளை சீட்டு விற்கட்டும். தாயார் ஆங்கிலத்தில் கேட்டு வாங்கி, மீதியையும் எண்ணிப் பார்க்கட்டும்.